புரட்டாசியில் ஒயினும் கறிக்குழம்பும்

புரட்டாசி மாதத்தில் திருச்சிக்குப் போய், கறிக்குழம்புக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று பாட்டிலோடு அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கிளம்புவதற்கு முன்பே என் மனைவி கேட்டாள், "புரட்டாசியிலயா போறீங்க?" மழையை நினைத்துக் கவலைப்படுகிறாள் போலிருக்கிறது என்று பெட்டியில் ஒரு குடையை எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் பேச்சை நான் புரிந்துகொள்ளும் லட்சணம் இதுதான்.

சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் எனக்கு வேலை. விருந்தாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கு இந்த ஒயின் சரியாக இருக்கும் என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கினால், "பார்ல வேலைன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்கிறார்கள். என்னைக் கேட்டால் இது ஜோசியத்துக்குப் பக்கத்தில் வரும் தொழில். பலித்தால் எனக்குப் பாராட்டு. பலிக்காவிட்டால் குற்றம் சமையல்காரர் மேல்.

எங்கள் முதலாளி மேடம் லிம், சிங்கப்பூர்ச் சீனர். எங்கள் சமையலறையில் பாதிப் பேர் திருச்சி ஜில்லாக்காரர்கள். மதியத்தில் தங்களுக்கென்று அவர்கள் வைத்துக்கொள்ளும் குழம்பை ஒருநாள் மேடம் எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். "இதை ஏன் விருந்தாளிகளுக்குக் கொடுப்பதில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் புதன்கிழமை காலை திருச்சியில் இறக்கிவிட்டது. சனிக்கிழமை அவரே வருவார். அதற்குள் நான் நல்ல கைப்பக்குவம் உள்ள ஒரு சமையல்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும், அவருடைய குழம்புக்கு ஒயினும் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சாப்பிட்டுப் பார்த்து மேடத்துக்குப் பிடித்துவிட்டால், அந்த ஆளுக்குச் சிங்கப்பூரில் தலைமைச் சமையல் வேலை. இல்லையென்றால் மறுநாள் காரைக்குடியில் இன்னொருவரைப் பார்ப்பார்.

ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாக டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, இங்க நல்ல மட்டன் குழம்பு எங்க கிடைக்கும்?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம்.

"சார் எந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

"அங்கல்லாம் புரட்டாசி வராதா சார்?"

பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்த குடையைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

தங்கியது ஸ்ரீரங்கத்தில், மச்சான் கோபால் வீட்டில். கோபால் ரயில்வேயில் வேலை பார்க்கிறான். வீட்டுக்காரி மாலதி. மாதம் முழுக்க வீட்டில் கறி கிடையாது, முட்டை கிடையாது, முட்டை என்ற பேச்சே கிடையாது. நான் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது அது கிளிங் என்றது.

"அண்ணே, உள்ள என்ன?" என்றாள் மாலதி.

"ஒயின்மா. வேலைக்காகக் கொண்டுவந்தது."

"வேலையை வாசல்லயே வச்சுட்டு வாங்கண்ணே."

அன்று இரவு, பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பாதாள அறைகளில் பக்குவமாக வளர்ந்த அந்தப் பாட்டில்கள், மாடிப்படிக்கு அடியில் செருப்பு ஸ்டாண்டில் தூங்கின. கோபால் மட்டும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒரு மாசம் தள்ளி வந்திருக்கலாமே மாமா" என்றான். நாடு விட்டுப் போகும் மகளை வழியனுப்புகிறவன் குரலில் சொன்னான்.

மாலதி வைத்த மிளகுக் குழம்பும் சுட்ட அப்பளமும் வாயில் பட்டதும், பழக்க தோஷத்தில் என் நாக்கு ஒரு ஒயினைத் தேடியது. தண்ணீரைக் குடித்து அதை அடக்கினேன். நல்ல சமையல்காரர் யாராவது உண்டா என்று கோபாலைக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "பாலக்கரைல ஒரு மெஸ் இருக்கு. ராணியக்கா கை. வருஷத்துல பதினோரு மாசம் எனக்கு அங்கதான் மத்தியானச் சாப்பாடு" என்றான். மாலதி அடுப்படியிலிருந்து, "அந்தப் பதினோரு மாசமும் நான் கட்டிக்குடுக்கிற டப்பா எங்க போகுது?" என்று கேட்டாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் பாலக்கரைக்குப் போனேன். பாட்டில்களை வேட்டியில் சுற்றி, பையில் போட்டு, மடியில் வைத்திருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று விட்டது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே ஆறு நிறையத் தண்ணீர். சிங்கப்பூரில் ரயில் கொஞ்சம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கண்டக்டர், "இறங்கி நடக்குறவங்க நடக்கலாம், தடையில்ல" என்று அனுமதி தருகிறார்.

டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் என் பை கிளிங் என்றது. பக்கத்தில் இருந்த அம்மா பையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பஸ் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"தீர்த்தமாப்பா?"

"ஆமாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலக்கரை வருகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

மெஸ் சின்னது. வாசல் போர்டில் ஒரு ஆணின் பெயர், கல்லாவில் அந்தப் பெயருக்குரியவர். சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்க மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவோம். இங்கே சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்க்கிறார்கள். புரட்டாசியிலும் கூட்டம் இருந்தது. சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் உள்ள பகுதி. "மத்த மாசம்னா வாசல் வரைக்கும் நிப்பாங்க" என்றார் எனக்கு இலை போட்டவர்.

குழம்பு வந்தது. ஒயின்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு ஈரக் கல், காட்டுப்பூ, பழைய தோல் பெட்டி என்றெல்லாம் அடுக்குவோம். இந்தக் குழம்புக்கு எனக்கு வார்த்தை வரவில்லை, வியர்வைதான் வந்தது. முதலில் சோம்பு, பிறகு மிளகு, பிறகு எங்கிருந்தோ தேங்காயின் இனிப்பு, கடைசியில் காரம். அதுவும் முகத்தில் அறையவில்லை, தோளில் கை போட்டது. இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். பின்னால் நின்றிருந்தவர் பெருமூச்சு விட்டார்.

கூட்டம் போனதும் பின்கட்டுக்குப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். ராணியக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். நெற்றியில் திருமண் கோடு. மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சமைக்கிறதாக்கா?"

"கை என்னுது. போர்டு கொழுந்தனாருது" என்றார். வீட்டுக்காரர் இறந்த பிறகு கல்லாவில் அவருடைய தம்பி உட்கார்ந்துகொண்டாராம்.

"திருமண் போட்டிருக்கீங்க, கறி சமைக்கிறீங்க?"

"சமைக்கிறது பொழப்பு. வாயில வைக்க மாட்டேன். மாசம் முழுக்க ருசி பாக்குறது கெடையாது. வாசனையிலதான் ஓடுது."

"அப்ப உப்பு?"

கல்லுக்குப் பின்னாலிருந்து பரோட்டா மாஸ்டர் தாஸ் மார்பில் தட்டிக்கொண்டார். "நான் வேதக்காரன் சார். எனக்குப் புரட்டாசி கெடையாது. பதினோரு மாசம் அக்கா ராணி. இந்த ஒரு மாசம் நான் ராஜா."

"ராஜா, மாவு காயுது பாரு" என்றார் அக்கா.

சிங்கப்பூர் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் வெங்காயத்தை நிறுத்தவில்லை. எவ்வளவு பேருக்குச் சமைக்கணும், அம்மி இருக்குமா, அங்கே ஆடு எப்படி, இதையெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பளம் யார் கையில குடுப்பாங்க?"

"பேங்க்ல போட்டுடுவாங்கக்கா."

"என் பேர்லயா?"

"உங்க பேர்லதான்."

கத்தியைக் கீழே வைத்தார். "பதினெட்டு வயசுல இந்த அடுப்புக்கு வந்தேன் தம்பி. இன்னிய வரைக்கும் என் பேர்ல ஒண்ணும் வந்ததில்ல. கரண்ட் பில்லு கூட மாமனார் பேர்லதான் வருது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு, அவருக்கு வருது, எனக்கு வரல." சொல்லிவிட்டுச் சிரித்தார். வெங்காயம் உரிக்கும்போது சிரித்தால் கண்ணீருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பொருத்தம் பார்க்கும் நாள். பெரிய ஹோட்டலில் செய்யலாம் என்றால் வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்றார்கள். மெஸ்ஸிலோ பாட்டில் கூடாது. நம் ஊரில் ஒயினும் கறியும் சந்திக்க இடமே கிடையாது. ஒயின் ஷாப் என்று போர்டு வைத்திருந்த காலத்திலேயே அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைத்தது. அதிலும் நம் ஆட்கள் குடித்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். சாப்பாட்டோடு குடிப்பது என்பதை நான் தாஸிடம் விளக்கியபோது, "அப்ப ரெண்டும் வீணா சார்?" என்று கேட்டார். கடைசியில் மதியக் கூட்டம் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கட்டில் செய்துகொள்ளலாம் என்று கொழுந்தனார் சம்மதித்தார். சிங்கப்பூரிலிருந்து முதலாளி வருகிறார் என்றதும், மெஸ்ஸுக்குக் கிளை திறக்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

முதலில் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். எனக்குத் தெரிந்த பாடம்தான், இருந்தாலும் பாழும் ஆசை. சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. கறிக்குழம்பின் காரத்தின் மேல் அது விழுந்தால், எரிகிற அடுப்பில் விசிறியது மாதிரி. தாஸ் ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின் என்று முயன்றுவிட்டு, "வாழப்பூவைப் பச்சையா கடிச்சுட்டு மிளகாயை மென்ன மாதிரி இருக்கு சார்" என்றார். நாங்கள் மூன்று பத்தி எழுதுவோம். விஷயம் அதுதான்.

அடுத்து ஜெர்மன் வெள்ளை. போதை குறைவு, இனிப்பு லேசாக உண்டு, பின்னால் நல்ல எலுமிச்சைப் புளிப்பு. தாஸ் மோந்து பார்த்து, "மண்ணெண்ணெய் கலந்துட்டானுங்க" என்றார். அந்த மண்ணெண்ணெய் வாசனைக்குத்தான் அதிகம் விலை என்று சொன்னதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் குழம்போடு சேர்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. காரம் அடங்கி, அதற்கு அடியிலிருந்த தேங்காயும் சோம்பும் மேலே வந்தன. "அட" என்றார். எனக்கு அது போதும். இந்த ஒயின்தான், முடிந்தது. கையில் அந்த ரகத்தில் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்று பிரித்தாகிவிட்டது. இன்னொன்று சீல் உடைக்காதது.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா முந்தானையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தலையில் பூ, முகத்தில் பவுடர். "பூவை எடுக்கச் சொன்னான் ஸ்டுடியோக்காரன். நான் முடியாதுன்னுட்டேன்" என்றார். முதலாளி இன்னும் சாப்பிட்டே பார்க்கவில்லையே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சினிமாவுலயே கூப்பிடுவாங்கக்கா" என்றேன்.

சனிக்கிழமை. புரட்டாசிச் சனி என்றால் ஸ்ரீரங்கத்தில் தெருவே நகர்கிறது, நாம் நடக்க வேண்டியதில்லை. மேடம் லிம் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். கோபுர நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள்.

"சைனாக்காரங்க கூட வர்றாங்க பாருடி."

"ஏன் வரக்கூடாது? உலகத்தையே அளந்தவர். சைனாவை மட்டும் விட்டுட்டா அளந்தாரு?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிற முதலாளியைக் கண்டால் எனக்குக் கை கால் நிற்காது. வெளிப் பிரகாரத்தில் நடந்துகொண்டே அள்ளிவிட்டேன். இந்த மாதம் இங்கே பாதி ஊர் கறியும் தொடாது, மதுவும் தொடாது. காரணம், உள்ளே இருக்கும் பெருமாள் படுத்திருக்கிறாரே தவிர தூங்கவில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்து, இன்றைக்கு யார் யார் குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதற்கும் சிரித்தார். நான் இன்னும் இரண்டு சுற்று ஜோடித்தேன்.

மாலதி வீட்டில் மேடத்தைக் காபிக்கு உட்கார வைத்துவிட்டு, மதியம் கோபாலோடு காரில் வரச் சொல்லிவிட்டு, நான் முன்னால் பாலக்கரைக்குப் போனேன். போனால் மெஸ்ஸில் கரண்ட் இல்லை. காலையிலிருந்து இல்லையாம். ஃபிரிட்ஜுக்குள் வைத்த பாட்டில் கஷாயம் போல இருந்தது. தாஸை ஐஸ் வாங்க அனுப்பினேன். "புரட்டாசியில மீனே வரல சார், ஐஸ் கடைக்காரன் திறந்திருக்கானான்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

அக்கா அன்று காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். சனிக்கிழமை ஒருபொழுது. மேடத்துக்கென்று தனியாக வைத்த குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொழுந்தனார் வாசலில் நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தாஸ் இன்னும் வரலையே. உப்புப் பாக்கணும்" என்றார் அக்கா.

"நான் இருக்கேன்லக்கா."

கரண்டியால் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். அங்கே உப்புப் பார்ப்பது அப்படித்தான். தாஸ் அதற்கு முன்னால் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார், இரண்டு நாளாகப் பார்த்திருக்கிறேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? இளஞ்சூட்டில் இருந்த அந்த வெள்ளை ஒயினை ஒரு வாய் குடித்து, நாக்கு முழுக்கச் சுழற்றிவிட்டு, அப்புறம் குழம்பை நக்கினேன். சேர்த்துப் பார்ப்பதுதானே என் தொழில்.

"எப்படி தம்பி?"

"கொஞ்சம் அடங்கி இருக்குக்கா."

"உப்பா, காரமா?"

"ரெண்டும்."

சட்டி மேல் குனிந்து மோந்தார். "வாசனை நெறைஞ்சுதானே வருது? தாஸ் வந்துடட்டுமே."

"அக்கா, சிங்கப்பூர்ல சம்பளம் வாங்குற நாக்கு இது."

சிரித்துவிட்டு உப்பை அள்ளினார். மறுபடி என் கையில் ஒரு சொட்டு. மறுபடி நான் ஒரு வாய் ஒயின். இன்னும் கொஞ்சம் என்றேன். மிளகாயும் மிளகும் தனியாக வதக்கிக் கொட்டினார். மூன்றாவது தடவை, ஒயினும் குழம்பும் தோள் மேல் கை போட்டுக்கொண்டு நடந்தன. "இப்ப சரியா உக்காந்துருச்சுக்கா" என்றேன்.

மேடம் வந்தார். ராணியக்கா கை கூப்பினார், மேடமும் கூப்பினார். இலை போட்டாயிற்று. நான் கண்ணாடிக் கோப்பையை எடுத்து வைத்து, பாட்டிலைச் சாய்க்கப் போனேன். மேடம் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"இன்றைக்கு வேண்டாம்" என்றார். "உங்கள் கடவுள் தூங்கவில்லை என்று நீதானே சொன்னாய்? கறி என்னுடைய வேலை, அதை விட முடியாது. மது என் இஷ்டம். அதை இன்று ஒருநாள் விட்டுவிடுகிறேனே."

இந்தப் பயணத்தில் எதை மறந்தாலும் அந்தக் கணத்தை மறக்க மாட்டேன். அக்கா அப்போதுதான் கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். குழம்பு இன்னும் இலைக்கு வரவில்லை. ஒயினுக்கென்று ஏற்றிய உப்பு, ஒயினுக்கென்று ஏற்றிய காரம், இப்போது ஒயின் இல்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. நிறுத்துங்க அக்கா, இன்னொரு சட்டி வைக்கலாம் என்று சொல்ல நேரம் இருந்தது. மேடம், நான் சொன்னது வெறும் வேடிக்கை, ஒரு வாய் குடியுங்கள் என்று சொல்லவும் நேரம் இருந்தது. நான் சொன்னது இது: "பெருமாள் கண்ணை மூடும்போது சொல்கிறேன் மேடம், அப்போது ஊற்றலாம்." கோபால் சிரித்தான். மேடமும் சிரித்தார். குழம்பு இலையில் விழுந்தது.

முதல் வாயிலேயே அவர் மூக்கு சிவந்தது. இரண்டாவது வாய்க்குத் தண்ணீர். மரியாதை தெரிந்தவர், நாலு வாய் சாப்பிட்டார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், "எப்போதும் இவ்வளவு உப்புப் போடுவாரா?"

"என்ன சொல்றாங்க தம்பி?" என்றார் அக்கா.

அக்காவுக்குப் பதில் சொல்லாமல் மேடத்திடம் திரும்பினேன். தப்பு என்னுடையது, ஒயினைக் குடித்துக்கொண்டே ருசி பார்த்து நான்தான் ஏற்றச் சொன்னேன் என்றேன். இந்தத் தடவை வேடிக்கை எதுவும் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக என் முகத்தைப் பார்த்தாலே சிரித்துப் பழகியவர் அவர். "சமையல்காரருக்காக நீ பழியை ஏற்றுக்கொள்கிறாய். நல்ல மனசு" என்றார்.

"இல்லை மேடம், நிஜமாகவே. இந்த மாதம் அவர் விரதம். கறியை வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். அதனால்தான் நான் பார்த்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. "ருசி பார்க்க மாட்டாரா?"

"இந்த ஒரு மாதம் மட்டும்."

"தலைமைச் சமையல்காரர், வருஷத்தில் ஒரு மாதம் ருசி பார்க்க மாட்டார். அந்த மாதம் என் சமையலறையில் உப்புக்கு யார் பொறுப்பு? நீயா?"

காப்பாற்றப் போன வாயால் கதவையும் சாத்தினேன்.

அந்த நேரத்தில்தான் தாஸ் வந்தார். சாக்கில் சுற்றிய ஐஸ் பாதி கரைந்து, பின்கட்டு முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு வந்தது. எங்கேயோ தில்லைநகர்ப் பக்கம் வரை போயிருக்கிறார். மேடம் காருக்குப் போனதும், பழக்கத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். முகம் சுருங்கியது.

"யாருக்கா உப்புப் பாத்தது?"

கொழுந்தனார் வாசலிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான். பசியில கை தவறிடுச்சு" என்றார் ராணியக்கா.

"கை தவறிடுச்சாம்" என்றார் கொழுந்தனார். "இந்தக் கையை வச்சுக்கிட்டுச் சிங்கப்பூரு." அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"நாந்தாங்க ஏத்தச் சொன்னேன்" என்றேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. விருந்தாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் காரைக்குடிக்குப் போய்விட்டார். எனக்குச் சாயங்காலம் விமானம். மாலதி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தோடு பாலக்கரைக்குப் போனேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். யோசித்த பேச்சு எல்லாமே கடைசியில் வேடிக்கையாக முடிந்தது, அதனால் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ராணியக்கா இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, காரைக்குடி ஆளு அந்தம்மாவுக்குப் பிடிக்காம போகலாம். நான் மறுபடி பேசிப் பாக்குறேன்."

"பாருங்க தம்பி" என்றார். கோபமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. சீவிய இஞ்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அந்த வெள்ளைத் தண்ணி மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருக்குக்கா."

"வச்சுட்டுப் போங்க. புரட்டாசி முடியட்டும்."

எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டிலைக் கொடுத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

காரைக்குடிக்காரருக்கே வேலை கிடைத்தது. தங்கமான மனிதர், மணிக்கு ஒரு தடவை ருசி பார்க்கிறார். அவருடைய மட்டன் குழம்புக்கு நான் எழுதிக்கொடுத்தது அதே ஜெர்மன் வெள்ளைதான். நன்றாகப் போகிறது. போன வாரம் ஒரு விருந்தாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பொருத்தத்தை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பாலக்கரையில் என்றேன். பிரான்ஸில் உள்ள ஊர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

ஐப்பசி பிறந்து சில நாளில் ஒரு மத்தியானம் போன் வந்தது. கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ராணி பேசுறேன். இன்னிக்கு அதே மாதிரி வச்சேன். அதே கறி, நீங்க ஏத்தச் சொன்ன அதே உப்பு, அதே காரம். மொதல்ல சும்மா சாப்பிட்டுப் பாத்தேன். வாயில வைக்க முடியல. அப்புறம் அந்தத் தண்ணியை ஒரு சின்ன டம்ளர்ல ஊத்தி, ஒரு வாய் குடிச்சுட்டுச் சாப்பிட்டேன்."

"எப்படிக்கா இருந்துச்சு?"

"சரியாத்தான் தம்பி இருக்கு. நீங்க பொய் சொல்லல."

என் தொழிலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை, இனி கிடைக்கவும் வேண்டாம்.

அக்கா போனை வைக்கவில்லை. "அந்தம்மா கிளாஸை மூடுனாங்கள்ல" என்றார். "நான் அப்ப இன்னும் கொழம்பு ஊத்தல. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே தம்பி?"

எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

"தெரிஞ்சுதுக்கா."

"ம்."

பின்னால் யாரோ சாம்பார் கேட்டார்கள், யாரோ இலை கேட்டார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.